மெமரி கார்டும் ஒரு தாலாட்டும்

போன மாதம் வீடு மாறினோம். பெரிய தூரமெல்லாம் இல்லை, தொம்மலூருக்குள்ளேயே இரண்டு தெரு தள்ளி. ஆனால் இரண்டு தெரு என்றாலும் பரண் பரண்தான், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டிதான். செல்லாத ஏடிஎம் கார்டு, பூட்டு இல்லாத சாவி, எந்தப் போனுக்கானது என்றே தெரியாத சார்ஜர் எல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு விழுந்தது. மேலே வெள்ளை எழுத்தில் 8 ஜிபி.

"இதைத் தூக்கிப் போட்டுரவா?" என்றாள் தங்கமணி.

"அது மட்டும் இருக்கட்டும்."

"ஏன், அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதனாலதான்."

அவள் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை :-) ஆனால் அந்தச் சில்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என் கதை கொஞ்சம்தான். மீதியெல்லாம் பாட்டுக்கு இடம் வாங்கிய கதை. கொஞ்சம் பொறுமையாகக் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கும். அனுமதிக்கவும்.

2010ஆம் வருஷம். நெல்லைப் பக்கம் ஒரு கிளையிலிருந்து மாற்றலாகி பெங்களூர் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொம்மலூரில் ஜாகை, வேலை ஊரின் இன்னொரு மூலையில். போக வர பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி என் தோளில் சாய்வதைத் தவிர வேறு சுவாரஸ்யம் கிடையாது. அதற்காகத்தான் சான்சா க்ளிப் பிளஸ் என்று ஒரு குட்டி எம்பி3 பிளேயர் வாங்கினேன். தீப்பெட்டி அளவு, சட்டைப்பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், 4 ஜிபி இடம். இரண்டே மாதத்தில் ரொம்பி வழிந்தது. நல்லவேளையாக அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய் இருந்தது. மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றை வாங்கிச் செருகினால் இடம் கூடும்.

பி.காம் படித்தவனிடம் இடம் கூடும் என்று சொன்னால் எவ்வளவு என்றுதானே கேட்பான். கணக்குப் போட்டேன். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நொடிக்கு 16,000 பைட். ஐந்து நிமிஷப் பாட்டு ஒன்றுக்கு 300 நொடி. ஆக 48 லட்சம் பைட், அதாவது 4.8 எம்பி. 8 ஜிபி என்பது 800 கோடி பைட். வகுத்துப் பார்த்தால் 1,666 பாட்டு! 60 நிமிஷ கேசட்டில் 12 பாட்டு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 139 கேசட். ஒரு பீரோ அளவு பாட்டு ஒரு கிராம்கூட எடையில்லாத சில்லில்.

இந்த மலைப்பு புதிதல்ல. பாட்டுக்கு இடத்தைக் கூட்டி விற்பது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வியாபாரம்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக கௌஹர் ஜான் பாடியபோது தட்டுக்கு ஒரு பக்கம்தான் பாட்டு. சுமார் மூன்று நிமிஷம். எத்தனை பெரிய ராகமானாலும் அதற்குள் ஆலாபனை, பாட்டு எல்லாம் முடித்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டுமே. 1904இல் ஓடியன் என்ற ஜெர்மன் லேபிள் தட்டின் இரண்டு பக்கமும் பாட்டைப் பதிந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. தட்டு ஒன்று, பாட்டு இரண்டு. என்னைக் கேட்டால் இசை வியாபாரத்தின் முதல் மெமரி எக்ஸ்பான்ஷன் அதுதான். அந்த ஓடியன் தட்டுகள் நமக்கும் அந்நியம் இல்லை. 1930களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் இசைத்தட்டுகளை விற்றுத்தான் பெயர் வாங்கியது. ஏவிஎம் என்ற சினிமா சாம்ராஜ்யத்துக்கு அடித்தளம் ஒரு ரெக்கார்டு கடை.

1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்தது. மூன்று நிமிஷம் இருந்த ஒரு பக்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டியது. 1963இல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகம் செய்தது. இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். அதுவரை பெரும்பாலோர் பாட்டு எழுதிய தட்டைத்தான் வாங்கினார்கள். இப்போது வெறும் இடத்தை வாங்கிக்கொண்டு போய் நமக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளலாம். எங்கள் அம்பாசமுத்திரம் மாதிரி ஊர்களில் டேப் ரிக்கார்டர் வந்த வீட்டுக்காரன் முதலில் செய்த காரியம் குழந்தையை மாமா சொல்ல வைத்துப் பதிவு செய்ததுதான்.

எண்பது தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ரிக்கார்டிங் சென்டரைச் சொல்லித்தரத் தேவையில்லை. கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, 60 அல்லது 90 நிமிஷ வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் ரெடி. லிஸ்ட் எழுதுவதே ஒரு பட்ஜெட் போடுகிற வேலை. ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம்தான் ஒதுக்கீடு. ஆறு பாட்டுக்கு மேல் ஏழாவதைத் திணித்தால் சரணத்தில் டப்பென்று நின்றுவிடும். எங்கள் ஊர்க் கடைக்காரர் மீதமிருக்கும் ஒரு நிமிஷத்தை வீணாக்க மாட்டார். ஏதாவது படத்தின் டைட்டில் இசையை வைத்து அடைத்துத் தருவார். இன்றைக்கும் சில பாட்டுகள் முடிந்ததும் என் காது அடுத்து வராத ஒரு டைட்டில் இசைக்காகக் காத்திருக்கும்.

அப்படி எழுதிக்கொண்டதெல்லாம் சட்டப்படி சரியா? அந்த லிஸ்ட்டில் இருந்த இசையமைப்பாளர், கவிஞர் எவருக்கும் அதிலிருந்து ஒரு பைசா போயிருக்காது. சினிமாப் பாட்டின் ராயல்டியில் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு வைத்திருக்கிறார்கள் என்று நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதே 2012இல்தான். எனவே நாங்கள் செய்தது நியாயம் என்று வாதாட வரவில்லை. ஆனால் காப்பி எடுப்பது என்ற அந்தப் பழக்கம் இந்தக் கதையின் கடைசியில் திரும்ப வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சில்லுக்கு வருவோம். இது உருவாக இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

ஒன்று, பாட்டைச் சுருக்குவது. சிடியில் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி இடம் வேண்டும். ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழுவினர் நம் காது எதையெல்லாம் கவனிக்காது என்று ஆராய்ந்து, அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதினார்கள். சத்தமான மிருதங்க அடி விழும் கணத்தில் அதனடியில் இருக்கும் மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை, அப்புறம் எதற்கு அதற்கு இடம்? இதனால் பத்தில் ஒரு பங்கு இடம் போதுமென்று ஆனது. அந்த ஃபைல்களுக்கு எம்பி3 என்ற பெயர் முடிவானது 1995 ஜூலையில்.

இரண்டாவது, ஃபிளாஷ் மெமரி. தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா 1984இல் இதை உலகத்துக்குச் சொன்னார். உள்ளே கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொன்றும் நாலு பக்கமும் மின்சாரம் கடத்தாத சுவர் எழுப்பியது. எலக்ட்ரான்களை அழுத்தி உள்ளே தள்ளினால் மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று, அவ்வளவுதான் எழுத்து. மொத்தத்தையும் ஒரே கணத்தில் அழிக்க முடிவது காமிரா ஃபிளாஷை ஞாபகப்படுத்தியதால் சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர் ஃபிளாஷ்.

இரண்டும் சேர்ந்து 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனத்திலிருந்து எம்பிமேன் எஃப்10 என்ற பிளேயர் வந்தது. இடம் 32 எம்பி. நம் கணக்கில் ஆறேமுக்கால் பாட்டு. கேசட்டின் ஒரு பக்கம்! அதில் கார்டு போடும் வாய் கிடையாது. இடம் போதாவிட்டால் அமெரிக்காவில் அதை விற்ற நிறுவனத்துக்கே பிளேயரை பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். கூடவே 69 டாலர் செக், தபால் செலவு தனி. அவர்கள் 32ஐ 64 ஆக்கித் திருப்பி அனுப்புவார்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஆறேழு பாட்டுக்கு 69 டாலர். பாட்டுக்குப் பத்து டாலர். அன்றைய மதிப்பில் ரூபாய் நானூறைத் தாண்டும். ஒரு பாட்டு வைக்கும் இடத்துக்கு நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு கேசட்டே வாங்கியிருக்கலாம்.

அதே 1998இல் டைமண்ட் மல்டிமீடியா என்ற அமெரிக்கக் கம்பெனி ரியோ பிஎம்பி300 என்ற பிளேயரை விட்டது. இதிலும் 32 எம்பிதான். ஆனால் ஸ்மார்ட்மீடியா என்ற மெல்லிய கார்டு செருகும் வாய் ஒன்று வைத்தார்கள். இனிமேல் பார்சல் கட்ட வேண்டாம், கடைக்குப் போய் கார்டு வாங்கினால் போதும். பாட்டுப் பெட்டிக்கு மெமரி கார்டு வாங்கும் வழக்கம் பரவியது இங்கிருந்துதான்.

ரியோ விற்பனைக்கு வரும் முன்பே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. இது காப்பி எடுக்கும் கருவி, சட்டம் விதித்த காப்பித் தடுப்பு இதில் இல்லை, ராயல்டியும் கட்டவில்லை என்பது வாதம். 1998 அக்டோபரில் தடை மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1999 ஜூனில் தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளர் ஏற்கெனவே தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காக வேறு இடத்துக்கு மாற்றுகிறார், அது சொந்த உபயோகம், அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதமில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பீரோவில் இருக்கும் நகையை லாக்கருக்கு மாற்றினால் அது புதுக் கொள்முதல் ஆகிவிடுமா என்ன?

கோர்ட்டில் கிடைக்காத பூட்டைக் கார்டிலேயே மாட்டிவிடலாம் என்ற எண்ணம் அடுத்து வந்தது. 1999 ஆகஸ்டில் மட்சுஷிட்டா (பானசோனிக் தாய் நிறுவனம்), சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. எஸ்டி என்றால் செக்யூர் டிஜிட்டல். அந்த செக்யூர் வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு இல்லை! பாட்டுக் கம்பெனிகளின் பாதுகாப்புக்கு. கார்டுக்குள்ளே நாம் தொட முடியாத ஒரு மூலை ஒதுக்கி, சாவி வைத்து, அனுமதி பெற்ற பாட்டு அந்தக் கார்டை விட்டு வெளியே காப்பி ஆகாதபடி பூட்ட வழி செய்தார்கள். (கார்டின் சின்னத்தில் டி எழுத்து ஒரு தட்டு மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தோஷிபா வேறொரு தட்டுக்காக வரைந்து வைத்திருந்த சின்னத்தைத்தான் இதற்கு எடுத்துப் போட்டார்கள்.)

சான்டிஸ்கை 1988இல் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்து பிலானியில் படிப்பைத் தொடங்கிய சஞ்சய் மெஹ்ரோத்ரா. பின்னாளில் அந்த நிறுவனத்துக்கு பெங்களூரிலும் வடிவமைப்பு மையம் வந்தது. நான் தினம் பஸ்ஸில் நசுங்கிய அதே ஊரில் கார்டுக்கான மூளைவேலையும் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பூட்டு என்ன ஆயிற்று? ஜப்பானில் சில கருவிகளில் பயன்பட்டது. நம் பக்கத்தில் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2004இல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் நகத்தளவு கார்டு வந்து 2005இல் மைக்ரோ எஸ்டி ஆனது. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். போன்களில் அதற்கு வாய் வந்தது. அதன்பிறகு தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ரீசார்ஜ் கடைகளில் ஒரு கம்ப்யூட்டரும், "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று ஒரு அட்டையும் தொங்கும். ரிக்கார்டிங் சென்டரின் மறுபிறவி. லிஸ்ட் எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. "அண்ணே, இளையராஜா ஃபுல்லா போடுங்க" என்றால் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். இது நம்மோடு நின்ற கூத்தும் இல்லை. சகாரா பாலைவனத்தில் மாலி நாட்டு இளைஞர்கள் போன் கார்டுகளில் கைமாற்றிக்கொண்டிருந்த பாட்டுகளைச் சேகரித்து கிறிஸ்டோபர் கிர்க்லி என்ற அமெரிக்கர் 2010 வாக்கில் ஒரு தொகுப்பே வெளியிட்டார்.

2008இல் நாலு பெரிய பாட்டுக் கம்பெனிகளும் சான்டிஸ்கும் சேர்ந்து ஸ்லாட்மியூசிக் என்று ஆல்பங்களை மைக்ரோ எஸ்டியில் போட்டு விற்றுப் பார்த்தார்கள். பூட்டு இல்லாத எம்பி3தான். எடுபடவில்லை. ஜனங்களுக்கு வேண்டியிருந்தது வெறும் இடம். ஆப்பிள் எதிர்த்திசையில் போனது. 2001இல் வந்த ஐபாடில் 5 ஜிபி இடம் உண்டு, கார்டு வாய் கிடையாது. இடம் போதாதா, அடுத்த மாடலை வாங்கிக்கொள். என் சம்பளத்துக்கு க்ளிப் பிளஸும் கார்டும்தான் சரி.

இப்போது என் கார்டு. கடை எது, தெரு எது என்பதெல்லாம் வேண்டாம். மற்ற இடங்களில் கேட்டதைவிடப் பாதி விலை. மேலே பிரபலமான ஒரு பெயர் அச்சிட்டிருந்தது. பாதி விலைக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டில் இரண்டு மடங்கு வட்டி தருகிறேன் என்று எவனாவது வந்தால் கவுண்டரிலேயே எச்சரித்து அனுப்புகிற நான், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கம்ப்யூட்டரில் செருகினேன். 7.4 ஜிபி என்று காட்டியது. இதில் மோசடி இல்லை. கார்டு செய்பவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள், கம்ப்யூட்டர் 107 கோடிச் சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. டிடிஎஸ் பிடித்தது மாதிரி ஒரு வித்தியாசம், கணக்கில் சரியாக வரும். ஆறு ஜிபிக்குப் பாட்டு ஏற்றினேன். எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரிந்தன.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு அப்போது 84 வயது. தங்கச்சியின் கைக்குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டு தாலாட்டு பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவையும், எங்களையும் தூங்கவைத்த அதே பாட்டு. எழுத்தில் எங்கும் கிடையாது. நடுவில் மாமன்மார் பெயரெல்லாம் வரும், அந்தந்தக் குழந்தைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வாள். க்ளிப் பிளஸில் குரல் பதிவு செய்யும் வசதி உண்டு. மூன்று நாளில் ஆச்சி பாடியது, விடுகதை போட்டது, தாத்தாவைத் திட்டியது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் பதிவு செய்தேன். பெங்களூர் வந்து கம்ப்யூட்டர் வழியாக அத்தனையையும் கார்டுக்கு மாற்றினேன். கார்டில்தான் இடம் இருக்கிறதே! பிளேயரிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அழித்துவிட்டேன். டேபிளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஆபீசர் புத்தி.

மறு வருஷம் தை மாதம் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ராத்திரி அந்தப் பதிவைத் தேடினேன். பெயர் இருந்தது. தேதி இருந்தது. எத்தனை எம்பி என்பதுகூட இருந்தது. பிளே அமுக்கினால் ஓடவில்லை. அடுத்தது, ஓடவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தேன், வெறும் பூஜ்ஜியங்கள்.

காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. ஒவ்வொரு மெமரி கார்டுக்குள்ளும் சேமிக்கும் சில்லோடு கூட ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் இருக்கிறது. உள்ளே எவ்வளவு இடம் என்று வெளியே சொல்வது அதுதான். அதை மாற்றி எழுதினால் 1 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 8 ஜிபி என்று பொய் சொல்லும். (2013 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில் பன்னி ஹுவாங் என்ற பொறியாளரும் அவர் நண்பரும் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை எப்படி வசப்படுத்தலாம் என்று மேடையில் விளக்கியே காட்டினார்கள்.) முதல் 1 ஜிபி ஒழுங்காக எழுதப்படும். அதற்குப் பிறகு கொடுப்பதை எல்லாம் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு கீழே போட்டுவிடும். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் கார்டின் ஆரம்பத்திலேயே எழுதப்படுவதால் பத்திரமாக இருக்கும்.

எங்கள் பாஷையில் சொன்னால் பாஸ்புக்கில் 8,000 என்ட்ரி போட்டிருக்கிறது, பெட்டகத்தில் 1,000தான் இருக்கிறது. பணம் எடுக்க வரும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் வங்கியில் தினமும் சாயங்காலம் லெட்ஜரை நம்பாமல் நோட்டை எண்ணிப் பார்க்கிறோம். கார்டுக்கும் அதே வேலையைச் செய்ய எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருளை ஒரு ஜெர்மன் கணினி இதழ் அதற்கு முன்பே கொடுத்திருந்தது. கார்டு முழுக்க எழுதும், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். ராத்திரி முழுக்க அதை ஓட்டிவிட்டுக் காலையில் பார்த்தேன். ஏழில் ஒன்றுதான் தேறியது. பாட்டுகளை முதலில் ஏற்றியதால் சில நூறு சினிமாப் பாட்டு தப்பித்தது. உலகம் முழுக்க எங்கு தேடினாலும் கிடைக்கிற பாட்டு. கடைசியாக ஏற்றிய ஆச்சி விழுந்த இடம் இல்லாத இடம்.

தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, தாலாட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு நினைக்கேன்" என்றாள். அந்தத் தீபாவளியிலேயே குழந்தைக்காக ஒன்றை மட்டும் தன் போனுக்கு வாங்கியிருக்கிறாள். என் லேப்டாப்பிலிருந்து புளூடூத்தில், நான் குளிக்கப் போன நேரத்தில், என்னைக் கேட்காமல். 1 நிமிஷம் 40 நொடி. பின்னால் குக்கர் விசில், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். ஒன்றேகால் மணி நேரத்தில் மிஞ்சியது அதுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போன இந்த நூறு வருஷக் கதையில், பொருள் பிழைத்தது இடம் பெரிதானதால் இல்லை. யாரோ ஒருவர் இன்னொரு காப்பி எடுத்து வைத்ததால். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கப் பார்த்ததும், கார்டுக்குள் பூட்டு வைத்து நிறுத்தப் பார்த்ததும் அந்தக் காப்பியைத்தான். பாடியவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் காப்பியே ஆகாத பெட்டியில் வைத்த பாட்டு, அந்தப் பெட்டியின் ஆயுசு வரைக்கும்தான். அசல் கார்டாகவே இருந்தாலும் பல வருஷம் மின்சாரம் காட்டாமல் போட்டுவைத்தால் அந்த அறைகளிலிருந்து எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும்.

தொம்மலூரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சொக்கநாதசுவாமி கோயில். பெயரைப் பார்த்து சிவன் என்று நினைத்துப் போனால் உள்ளே பெருமாள் நிற்பார். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, 13ஆம் நூற்றாண்டின் போசள அரசன் வீர ராமநாதன் காலத்தவை உட்பட. ஊர்ப் பெயர் அதில் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டினம் என்று வருகிறது. வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மை எழுநூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து வரவேற்கிறதே என்று முதல் முறை பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லைவிட நிலையான மெமரி ஏது?

ஆனால் கல்லுக்கும் காப்பி வேண்டியிருந்திருக்கிறது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்ற அதிகாரி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைப் படியெடுத்து எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியாக 1905இல் அச்சிட்டார். அவர் பார்த்த கற்களில் சில பின்னாளில் ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டன. அவை இன்று அச்சில் மட்டும்தான் இருக்கின்றன. மிச்சமிருப்பவற்றை பெங்களூர் மிதிக் சொசைட்டி 2021 முதல் முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. கல்லில் இருந்தது காகிதத்துக்கு வந்து, இப்போது மறுபடியும் ஒரு மெமரிக்குப் போகிறது. ஓலைச்சுவடி கதையும் அதுதானே. ஓலை இற்றுப்போகும் முன்பு எவராவது உட்கார்ந்து இன்னொரு ஓலையில் எழுதியதால்தான் நமக்குப் பல நூல்கள் கிடைத்தன.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு பாட்டுக்காகக் கார்டு வாங்குவோர் குறைந்துபோனார்கள். என்னுடைய க்ளிப் பிளஸும் பேட்டரி செத்துக் கிடக்கிறது. இன்றைக்குப் பாட்டு எங்கேயோ இருக்கிறது, கேட்கும்போது வருகிறது, சந்தா நின்றால் போய்விடுகிறது. வசதிதான், நானும் அதைத்தான் உபயோகிக்கிறேன். ஆனால் எந்த ஸ்ட்ரீமிங் கம்பெனியிலும் எங்கள் ஆச்சி கிடையாது.

வீடு மாறிய அன்று ராத்திரி, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த 1 நிமிஷம் 40 நொடியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். என் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, தங்கச்சியிடம் ஒன்று என்று இரண்டு காப்பிதான் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பெரிய மாமா, "அந்தக் கதவைத் தட்டுறது நாந்தாம்லே, பால் வாங்கிட்டு வந்தேன்" என்று பதில் போட்டார். அப்போது காலில் ஆடிய கைக்குழந்தைக்கு இப்போது பதினைந்து முடிந்துவிட்டது. "மாமா, இது என் பேரா?" என்று கேட்டிருந்தாள்.

8 ஜிபி சில்லு பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கிறது. தங்கமணி இனிமேல் கேட்க மாட்டாள்.

பி.கு: புது கார்டோ பென்டிரைவோ வாங்கினால் முதலில் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி போகும், போகட்டும். அதன்பிறகும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் குரல் எதுவும் ஒரே போனில் இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள்.